அரசாங்க சபையில் வெற்று ஆசனங்கள்

8.1.1995, கெல்சென்கிர்ச்சன், ஜேர்மனி

முதியோர் இல்லத்தில் காலை வேலை. அறைகளைத் துடைத்து முடிக்க இடுப்புப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் செல்வரட்ணத்தின் தொலைபேசி. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். பொங்கல் மலருக்கு ஆசிரியரும் அவரே. "அக்கா, நீங்கள் மன்னாரில சரித்திரம் படிப்பிச்சனீங்கள்தானே. வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க சபையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ."

ஓம் என்றேன். இல்லை என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே.

மார்ச்சில் நகரத்து வெளிநாட்டவர் ஆலோசனைச் சபைக்குத் தேர்தல். தனி வேட்பாளராகப் பெயர் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் தேவாலய மண்டபத்தைக் கோடையில் விற்கப்போகிறார்கள். பள்ளிக்கூடமொன்றில் அறை கேட்க அந்தச் சபையில் எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும்.

12.1

எழுதி முடித்தேன். 1931இல் டொனமூர் அரசியல் யாப்பின்படி இலங்கையில் அரசாங்க சபை வந்தது. முழுச் சுயராச்சியம் தராத சபை எதற்கு என்று யாழ்ப்பாணத்து வாலிபர்கள் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் காலி. அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் பெருமைதான், அப்படியே எழுதினேன்.

கடைசிப் பந்தியில் மிச்சக் கதை. அவர்கள் இல்லாமலே சபை நடந்தது. 1934இல் இடைத்தேர்தல் வைத்து உள்ளே போனார்கள். இலங்கையில் பெண்களுக்கு முதன்முதல் வாக்குக் கிடைத்ததும் அந்த 1931இல்தான். குடாநாட்டுப் பெண்கள் மட்டும் வீட்டில் இருந்தார்கள். அவர்களை யார் கேட்டது?

21.1

பொங்கல் விழா. மலரைத் திறந்தேன் — கடைசிப் பந்தி இல்லை.

"இடம் காணாதக்கா. நகைக்கடை விளம்பரம் வந்திட்டுது" என்றார் செல்வரட்ணம்.

போகட்டும் என்று இருந்தேன். மனுசன் மேடையில் ஏறி என் கட்டுரையையே வாசித்தார். "இந்த ஆலோசனைச் சபையும் அதிகாரம் இல்லாத சபைதான். அண்டைக்கு எங்கட ஆக்கள் செய்ததை நாங்களும் செய்வம்." கைதட்டல். பகிஷ்கரிப்புத் தீர்மானம் நிறைவேறியது. மிச்சத்தைச் சொல்ல எழுந்தேன்; நடனப் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

என்ர எழுத்தாலயே என்ர கழுத்தை அறுத்துப்போட்டாங்கள்.

22.1

"பேரை எடுத்துவிடுமன். உமக்கேன் இந்த அலைச்சல்?" என்றார் என் கணவர் அல்பேர்ட். நான் பெயரை எடுக்கவில்லை.

11.2

மழை. வேலை. சங்கத்து ஆட்கள் ஒருவரும் வீட்டுப்பக்கம் வரவில்லை.

26.3, ஞாயிறு

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். வாசலில் பிறேமா, செல்வரட்ணத்தின் மனைவி, ஒரு பையோடு வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"கடைக்கு வந்தனான் அக்கா."

ஞாயிற்றுக்கிழமையில் இந்த நாட்டில் எந்தக் கடை திறந்திருக்கும்? "ஓம், நானும் கடைக்குத்தான்" என்றேன். அவளுக்குப் பின்னால் சங்கத்து றீற்றாவும் வேறு பெண்கள் சிலரும் படியிறங்கினார்கள், என்னை முன்பின் தெரியாதவர்கள் மாதிரி.

28.3

கடைசி ஆசனம் எனக்கு. மயிரிழையில். அல்பேர்ட் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். சந்தோஷம் வந்திருக்க வேண்டும், நித்திரைதான் வந்தது.

17.5

மருத்துவரிடம் ரேர்மின், நேரம் குறித்திருக்கிறது என்று வேலையிடத்தில் பொய் சொல்லிவிட்டு ஆலோசனைச் சபைக் கூட்டத்துக்குப் போனேன். என் முறை வரும்போது பாதிப்பேர் எழும்பிப் போகக் காத்திருந்தார்கள். அறை கேட்டேன். செல்வரட்ணம் சொன்னதில் பிழையில்லை. எங்களால் நகரசபைக்குப் பரிந்துரைக்க மட்டுமே ஏலும். ஆனாலும் துருக்கிக்காரர் ஒருவர் கை உயர்த்தினார், பிறகு மற்றவர்களும். இதற்காகவா இவ்வளவு பாடு? தெரியவில்லை. கேட்டாயிற்று.

2.9, சனி

நகரசபை தந்த பள்ளிக்கூட அறையில் முதல் தமிழ் வகுப்பு. திறந்து வைத்தவர் செல்வரட்ணம். "எங்கட சங்கத்தின்ர விடாமுயற்சியால கிடைச்ச அறை இது" என்று பேசினார்.

எழுந்து மறுத்திருக்கலாம். களைப்பு. பிள்ளைகள் வாங்குகளில் இடம்பிடித்துவிட்டார்கள், அது போதும் என்று பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். முன்வரிசையில் இருந்த பிறேமா மட்டும் மடியிலிருந்து கையை எடுக்கவேயில்லை.