பாலிதீன் கிழிக்காத புது வேன்

14.5.1992, வியாழக்கிழமை, காலை ஏழரை மணி. ஏற்றியது இருபது கூடை மாம்பழம், விலைபோனது ஏழு.

அன்புத் தம்பி ஹமீதுக்கு, ராஜபாளையத்திலிருந்து அண்ணன் நைனா முகமதுவின் ஸலாம். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், எனக்கு மனசுதான் சரியில்லை. கடல் கடந்து தம்மாமில் இருக்கும் உன் சுகத்துக்கு எழுது. அத்தா மவுத்துக்குப் பிறகு தகப்பன் இடத்தில் நான் இருப்பதால் கேட்கிறேன், வேன் வாங்கிக் கொடுத்தாய் சரி, "நான் லீவில் வரும்வரை சீட்டிலும் தரையிலும் இருக்கும் பாலிதீனைக் கிழிக்காதீர்கள், தூசி ஏறாமல் கண்ணாடியை மூடியே ஓட்டுங்கள், பழைய பிக்கப்பை விற்றுவிடுங்கள்" என்று எழுத உனக்கு என்ன தெரியும்? அம்மா உன் கடிதத்தில் ஓர் எழுத்து பிசகாமல் நடக்கிறார்கள். தரையில் வைக்கோல் பரப்பவும் விடவில்லை, குப்பையாகுமாம்.

நேற்று நான் மில்லில் ஷிப்டில் இருக்கும்போது அம்மா டிரைவர் கருத்தப்பாண்டியை வேனோடு மகாராஜபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சீனிச்சாமி மாமா தோப்பில் முதல் பறிப்பு. அத்தா காலத்திலிருந்து பழத்தை நமக்கே தருகிறவர். பாரத்தோடு திரும்புகையில் ஓடையில் வேனின் அடிவயிறு கல்லில் உட்கார்ந்துவிட்டது. ஆள் வந்து சொல்லி, நான் பிக்கப்பை எடுத்துப் போய்க் கயிறு கட்டி இழுத்து வெளியேற்றும்போது மணி மூன்று. உச்சி வெயில் முழுக்கக் கதவு, கண்ணாடி எல்லாம் இறுக்க மூடிக் கிடந்திருக்கிறது. என்னடா இது என்றால், "அம்மாதாம்ணே கண்ணாடியத் தெறக்கக் கூடாதுன்னாவ, ஹமீதண்ணன் கடுதாசி போட்டிருக்காவளாம்" என்கிறான். கதவைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கிறது. பாலிதீனில் வேர்வைத் தண்ணீர் தேங்கி அடிக்கூடைகள் ஊறிவிட்டன. சீனிச்சாமி மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே மாப்ளே, ஒந்தம்பி வாங்கிக் குடுத்த வண்டி பழம் ஏத்தவா, பழம் அவிக்கவா?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமைப் பறிப்பும் இப்படி ஆனால் மிச்சத் தோப்பைத் தளவாய்புரத்து வியாபாரிக்குக் கொடுத்துவிடுவாராம்.

டிப்ளமோ படித்தவன் சொல்கிறேன், கேள். வேன் மட்டமான வண்டி இல்லை. தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது, அம்மாவுக்கு இடுப்பு வலிக்காது. ஆனால் என்ஜின் சீட்டுக்கு அடியில், சூடு முழுக்க உள்ளேயே சுற்றும், வயிறு தரையைத் தொடும். பிக்கப் சத்தம் போடும், புகை தள்ளும், ஆனால் பட்டைக்கு மேல் பட்டையாகக் கனத்த ஸ்பிரிங், உயரம், திறந்த பாடி, பழத்துக்குக் காற்று. ஓடைக்கு அதுதான் வண்டி. ராத்திரி பாலிதீனைக் கிழிக்கப் போனேன். "வேணாம்யா, எம்புள்ள வெயில்ல கெடந்து வாங்குனது, அவனே வந்து பிரிக்கட்டும்" என்று அம்மா கதவை மறித்துக்கொண்டார்கள். உன்மேல் இருந்த கோபத்தில் அம்மாவை ஏசிவிட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம்.

வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள். தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் கொஞ்சம் புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் நைனா முகமது

இனி நான் செய்யப்போவது:
1. செட்டியார்பட்டியிலிருந்து பிக்கப் வாங்க வருகிறவரிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்வேன்.
2. சனிக்கிழமை மில்லுக்கு லீவு. வைக்கோல் பரப்பி நானே பிக்கப்பை ஓட்டுவேன். சீனிச்சாமி மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சந்தை வரை கூட்டிப்போவேன்.
3. திங்கட்கிழமை அம்மாவை ஸ்ரீவில்லிபுத்தூர் கண் டாக்டரிடம் வேனில், கண்ணாடியை இறக்கிவிட்டுக் கூட்டிப்போவேன்.
4. தரைப் பாலிதீனை இன்றைக்கே கிழிப்பேன். டிரைவர் சீட்டில் இருப்பதை மட்டும் தொடமாட்டேன். அதை நீ வந்து கிழி.