மியூனிக்கிலிருந்து பாரிசுக்கு ஒன்றரை மணி

விருத்தாசலம்,
3-2-1997

அன்பு மகன் இளவழகனுக்கு அப்பா பஞ்சநாதன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். பீங்கான் கம்பெனியில் வேலை நன்றாகப் போகிறது, புதுச் சூளை வந்த பிறகு புகை குறைந்து என் சட்டையைத் துவைக்கிற பாடு உன் அம்மாவுக்கு மிச்சம். மணிமுத்தாற்றில் தண்ணீர் போனதால் கிணறும் ஊறியிருக்கிறது.

உன் தங்கை வெண்மதிக்கு மாசி மூன்றாம் ஞாயிறு பாரிசிலேயே வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் புதுச்சேரிக்காரர்கள், அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் தாய்வீட்டுப் பக்கம் நிற்க அவளுக்கு ஒருவரும் இல்லை. எங்கள் பாஸ்போர்ட் இன்னும் வந்தபாடில்லை. நீயோ போன கடிதத்தில் பாரிஸ் வேறு நாடு, ரொம்பத் தூரம் என்று எழுதிவிட்டாய். நானும் நம்பினேன். புதுச்சேரி போனபோது விமான டிக்கெட் கடையில் பாரிசுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன், அங்கிருந்த பெண் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றது. அடேயப்பா, பிள்ளை எப்படிப் போவான் என்று உனக்காகப் பரிந்து பேசி உன் அம்மாவை அடக்கிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பழமலைதான் விழுந்து விழுந்து சிரித்து, யோவ், அது மெட்ராசுலேருந்து போற கணக்குய்யா, புள்ள இருக்குற ஊர்லேருந்து கேட்டியா என்றான். மறுபடி போன் போட்டுக் கேட்டால் மியூனிக்கிலிருந்து ஒன்றரை மணி நேரமாம், எழுநூறு கிலோமீட்டர்கூட இல்லையாம். நாங்கள் பஸ்ஸில் விழுப்புரம் போய் இறங்குவதற்குள் நீ பாரிசில் இறங்கிவிடலாம். உன் அம்மா இரண்டு நாள் என்னைப் பத்து மணி என்றே கூப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பட்டும் என்றேன். உன் அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், ஆகாது என்றாள். பழமலை மகளின் அட்லசை வாங்கிப் பார்த்தால் பாரிஸ் உனக்கு மேற்கேதான் இருந்து தொலைக்கிறது. உனக்கு இன்னொரு சாக்குக் கிடைத்துவிடுமே என்று எரிச்சல் வந்தது. பிறகு அவளே, வெல்லத்த வாயில போட்டுக்கிட்டு ஏறச் சொல்லுங்க, நம்ம வூட்டு ஆளு ஒருத்தரு போனாப் போதும் என்று இறங்கி வந்தாள். வெல்லம் கிடைக்காவிட்டால் சர்க்கரை போதுமாம்.

உனக்குத் தூரம் காரணமில்லை என்று எனக்குத் தெரியும் தம்பி. கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை நம் ஊர்ப் பீங்கான் பொம்மையை வைத்து உன்னைப் பொம்மைக்கார மச்சான் என்றது இன்னும் உனக்கு உறுத்துகிறது. மச்சானைக் கேலி செய்யாமல் அவர் வேறு யாரைச் செய்வார்? நீயும் பதிலுக்கு நாலு கேலி செய்துவிட்டு வா. போன வாரம் போனில் வெண்மதி, அண்ணனுக்கு வேல இருக்கும்பா, தொந்தரவு பண்ணாதீங்க என்றாள். குரல் சரியாக இல்லை, எனக்கு மனசு கேட்கவில்லை.

அதனால் கண்ணாடி வளையலைப் பஞ்சு வைத்துக் கட்டி, அவள் விலாசத்துக்கு அனுப்பாமல் உன் விலாசத்துக்குப் பார்சல் போட்டுவிட்டேன். அண்ணன் கொண்டுவருகிறான் என்று நேற்று அவளிடம் சொல்லியும் விட்டேன். அவள் அழுதுவிட்டாள். மாப்பிள்ளைதான் போனை வாங்கி, ஏர்போர்ட்டுக்கு நானே வந்து மச்சானக் கூட்டிக்கிட்டு வரேன் மாமா என்றார்.

பார்சல் வந்ததும் பிரித்துப் பார்த்து, ஒன்றிரண்டு உடைந்திருந்தால் எடுத்துவிடு. அண்ணன் தங்கை நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா பஞ்சநாதன், அம்மா திரௌபதி