டீச்சர் தானாக நடக்கிறார் என்று நான் எழுதியது

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் படுக்கை பாய் என்று விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, நின்ற கையோடு அதிகாரம் ஆரம்பித்துவிட்டது. தம்பி வேலைக்குப் போகிறான், வருகிறான், சட்டையை நாற்காலியில் போடுகிறான், மாற்றமில்லை. போன வாரம் நீ பேசும்போது குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், ஜலதோஷம் என்று சொல்லி வைத்தேன். ஜலதோஷமும் இல்லை ஒன்றும் இல்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த வருஷ பட்ஜெட்டில் நலத்துறைக்குக் கொடுப்பதைக் குறைத்துவிட்டார்களாம். நான் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு வரும் எட்டுப் பேரில் ஐந்து பேர் வீட்டுக்கு, அவர்களே நடமாடிக்கொள்கிறார்கள் என்று காரணம் போட்டு, அடுத்த மாதத்திலிருந்து போக வேண்டாம் என்று ஆபீஸில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். முதல் பெயரே உனக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்த டீச்சர். வலது பக்கம் முழுக்க வராத மனுஷி, தனிக்கட்டை, காலையில் நான் போய் நிமிர்த்தி உட்கார வைக்காவிட்டால் படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டும். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. என்னைப்போல் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் அட்டை எழுதிக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். இருப்பதிலேயே பெரிய தொண்டை என்னுடையதுதான், உனக்குத் தெரியாதா. இவங்க நடப்பாங்கன்னு எந்தப் புண்ணியவான் எழுதிக் கொடுத்தான், அந்த மூஞ்சியைக் காட்டுங்க என்று கத்தினேன்.

அதிகாரி வெளியே வந்து என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கோபமே இல்லை, தண்ணீர் கொடுத்தார், ஃபைலைத் திருப்பி என் பக்கம் வைத்தார். டீச்சருடைய மாத அறிக்கை. தானாக நடக்கிறார், தானாகக் குளிக்கிறார், தானாகச் சாப்பிடுகிறார், எல்லாவற்றுக்கும் டிக். கீழே என் கையெழுத்து, நான் டீச்சர் வீட்டுக்குப் போய்வருகிற பதினோரு வருஷமும் என் கையெழுத்து. நீங்க எழுதினதைத்தானேம்மா நாங்க நம்பினோம் என்றார். எனக்குப் பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஐந்து பேர் ஃபைலும் அப்படித்தான்.

ஏன் அப்படி எழுதினாய் என்று நீ கேட்பாய். அந்தத் தாளை டீச்சர் மாதிரி முடியாதவர்கள் முன்னாலேயே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். வாசிக்கும்போது பரீட்சை மார்க் கேட்கிற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்ப்பார்கள். டீச்சர் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் நாலு எட்டு வைப்பார், வைத்துவிட்டு, நடக்கிறேன்னு போடுடி என்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று எப்படிப் போடுவது? வெளியே வந்து மற்றவர்களிடம் சொன்னேன். கடைசியில் பார்த்தால் எல்லாரும் இதைத்தான் செய்திருக்கிறோம். ஆனால் ஒன்று, குற்றத்தை முழுசாக என் தலையில் கட்ட நான் விடமாட்டேன். அங்கே இருக்கும் கிளார்க் காதோடு சொன்னார், எத்தனை பேரைக் குறைக்கணும்னு முதல்லயே மேலிருந்து வந்துருச்சு, உங்க தாளை அப்புறம்தான் தேடி எடுத்தாங்க என்று. நான் டிக் போடாமல் இருந்தால் வேறு காரணம் கண்டுபிடித்திருப்பார்கள், பாவிகள்.

நான் எழுதியது அத்தனையும் தப்பு, திரும்ப வந்து பாருங்கள் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போகும் என்றார் அதிகாரி, போகட்டும் என்றேன். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் உளறி வைக்காதே.

டீச்சரிடம் போய், ஆபீஸிலிருந்து ஆள் வருவார், தயவுசெய்து நடந்து காட்டிடாதீங்க என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். எனக்கு ஒண்ணும் முடியலைன்னு ஊருக்கே எழுதிக் கொடுத்துட்டு வந்தியா என்று கேட்டவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. புதன்கிழமை அந்த ஆள் வந்தார். டீச்சர் இடது கையாலேயே தலை வாரி, இருப்பதில் நல்ல உடுப்பைப் போடச் சொல்லி, நேராக உட்கார்ந்திருந்தார். எழுந்து நிக்க முடியுமா என்று கேட்டார் அந்த ஆள். டீச்சர் நாற்காலிக் கையை அழுத்தி எழ ஆரம்பித்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பாதியில் நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். மெதுவாக உட்கார்ந்து, முடியாது என்றார். குளிக்க? முடியாது. சாப்பிட? முடியாது. பதினாறு கேள்விக்கும் வகுப்பில் பேசுகிற அதே கணீர்க் குரலில் முடியாது, முடியாது. அந்த ஆள் போனதும், இப்போ திருப்தியா என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

டீச்சருக்கு மட்டும் ஆறு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். மற்ற நாலு பேருக்கு இன்னும் பதில் இல்லை, அதற்காகத் திங்கட்கிழமை மறுபடி வாசலில் நிற்கப் போகிறோம். பொய் அறிக்கை கொடுத்ததற்கு எனக்கு விசாரணை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னை உலுக்கிப் போட்டது அதுவல்ல கண்ணு. நேற்றுக் காலையில் வழக்கம்போல் தோளைக் கொடுத்தேன், டீச்சர் கையை வைக்கவில்லை. அதான் முடியாதுன்னு சொல்லியாச்சே, இனிமே எதுக்குடி நடக்கணும் என்றார். இன்றைக்கும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் டீச்சருக்குப் போன் பண்ணு. உடம்பு எப்படி என்று கேட்காதே, இதைப் பற்றி எதுவும் தெரிந்த மாதிரிக் காட்டாதே. நாலு எட்டு நடங்க டீச்சர் என்று மட்டும் சொல். நான் சொன்னால் இனி நம்பமாட்டார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா