கரடி முகமூடியும் இரண்டு கைத்துப்பாக்கிகளும்

மார்ச் 4, திங்கள்

விதைக் கடையில் இனாமாகக் கொடுத்த நாட்குறிப்பு இது. இரண்டு மாதமாக ஆடும் மேசைக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்று உருவி எடுத்துவிட்டேன். மேசை ஆடட்டும். எனக்கு வேலை கிடைத்துவிட்டது!

மர ஆலை மூடி ஐந்து மாதத்துக்குப் பிறகு, ஆற்றில் சரக்குத் தெப்பங்களைத் தள்ளிக்கொண்டு போகும் படகில் வேலை. ஏப்ரல் பத்தாம் தேதி பதூக்கா படகுத்துறையில் ஏற வேண்டும். இருபத்தெட்டு நாள் ஆற்றில், இருபத்தெட்டு நாள் வீட்டில். ஐம்பத்து மூன்று வயதில் எவன் கொடுப்பான்?

ஒரே ஒரு முள். என் மனைவி நெடீன் தனியாக இருக்க வேண்டும். எங்கள் வீடு ஜல்லிச் சாலையின் கடைசியில். அடுத்த வீடு ஹார்லனுடையது, அரை மைல். போன மாதம் அவன் கொட்டகைப் பூட்டையே எவனோ அறுத்திருக்கிறான். ஷெரிப்பின் போலீஸ் வண்டி வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. வீட்டில் மான் வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது. அதன் நீளத்துக்கு எங்கள் படுக்கையறையில் திருப்பினால் முதலில் விளக்குதான் உடையும்.

“கைத்துப்பாக்கி வாங்கிக் கொடுக்காம நான் படகுல கால் வைக்க மாட்டேன்” என்றேன்.

“போய்த் தொலையேன்யா. நானாவது நிம்மதியா டிவி பாக்கறேன்” என்றாள். வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

மார்ச் 6, புதன்

காலையில் நெடீன் கோழிக் கூண்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்து என் மேல் பாய்ந்தாள். நான் போட்ட கத்தலில் கோழிகள் இன்றைக்கு முட்டையே இடவில்லை. சரக்கு அறைக் கதவின் உள்பக்கம் பென்சிலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டாள். யார் யாரை எத்தனை தடவை பயமுறுத்தினோம் என்ற இருபத்தாறு வருடக் கணக்கு அந்தக் கதவில் இருக்கிறது. இப்போது அவள் இரண்டு கோடு முன்னால்.

மார்ச் 9, சனி

நெடீனுக்குத் தெரியாமல் ஓபல் அம்மாவின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். ஊதா நிறப் பிடி போட்ட ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி, இறகு போல லேசாக. அதைக் காட்டி, “இதைப் பரிசுத் தாளில் சுத்திக் கொடுங்கம்மா” என்றேன்.

ஓபல் அம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். “ஏம்ப்பா வர்ஜில், பொண்டாட்டிக்கு நீயே போட்டுப் பாத்துதான் செருப்பு வாங்குவியா?”

“இது அழகா இருக்கே அம்மா. சின்னக் கைக்குச் சின்னதா...”

“இந்த ஊர் ஆம்பளைங்க அத்தனை பேரும் இதே வசனத்தைத்தான் சொல்றீங்க. லேசா இருக்குல்ல? லேசா இருக்கறதுதான் கழுதை மாதிரி உதைக்கும். ரெண்டு தடவை சுடுவா, மணிக்கட்டைப் பிடிச்சுக்குவா, அப்புறம் அது அலமாரியில தூங்கும். உனக்குக் காவல் வேணுமா, காகிதத்து மேல வைக்கற பாரம் வேணுமா?”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களும் அதே ஊதாவை வாங்கினவர்கள் என்று ஓபல் அம்மா உடனே போட்டுக்கொடுத்துவிட்டார்.

“அடுத்த சனிக்கிழமை அவளைக் கூட்டிட்டு வா. அவ கைக்கு எதுன்னு அவ பாத்துக்குவா. நீ வாயைத் திறக்கக் கூடாது.”

வாயைத் திறக்காமல் இருப்பதா? நானா?

மார்ச் 16, சனி

கடைக்குப் பின்னால்தான் சுடும் கூடம். ஏழு கைத்துப்பாக்கிகளை மேசையில் பரப்பினார் ஓபல் அம்மா. எல்லாம் வாடகைக்கு. சுட்டுப் பார்த்து, பிடித்ததை வாங்கலாம். என்னைக் கூடத்தின் அந்தக் கோடிக்கு விரட்டிவிட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்லுவோமாம். சரிதான். அவள் சமைத்த முயல் குழம்பை நான் இருபத்தாறு வருடமாகப் பாராட்டிக்கொண்டிருக்கிறேனே.

முதலில் ஊதாவைச் சுட்டாள். ஒரே ஒரு குண்டு. “ஐயோ!” என்று கையை உதறிக்கொண்டு கீழே வைத்தாள். ஓபல் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் முதுகே சிரித்தது.

சிலவற்றின் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க அவளால் முடியவில்லை. “இழுக்காதே கண்ணு. மேல்பாகத்தை ஒரு கையில அசையாம பிடி. அடிப்பிடியை முன்னால தள்ளு. நீ வேலை பாக்கற பேக்கரியில மாவைத் தள்ளுவியே, அப்படி.” நெடீன் தள்ளினாள். சடக்கென்று திறந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

கடைசியில் அவள் எடுத்தது மேசையிலேயே கனமான ஒன்றை. கறுப்பு, ஒன்பது மில்லிமீட்டர். பத்துக்கு எட்டு நடுவில்.

நான் இருப்பதிலேயே பெரிய குண்டு போடுவதைக் கேட்டு வாங்கினேன். ஆலையில் ரம்பம் தின்ற சுண்டுவிரல் போக மீதி ஒன்பது விரலால் பிடித்தேன். குறிக் காகிதத்தில் ஓட்டையே இல்லை. மேலே கூரைத் தகட்டில் ஒன்று இருந்தது.

“அது பழைய ஓட்டைதான்” என்றார் ஓபல் அம்மா. “உன்னை மாதிரி இன்னொருத்தன் போட்டது. உன்னுது எங்க போச்சுன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்.”

நானும் நெடீன் எடுத்ததையே எடுத்தேன். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் குண்டும் ஒன்று, பழக்கமும் ஒன்று, அவசரத்தில் எது கைக்கு வந்தாலும் தடுமாறாது என்றார். ஆளுக்கொரு படிவம் நிரப்பினோம். எங்கள் மேல் குற்ற வழக்கு ஏதாவது உண்டா என்று தொலைபேசியில் அரசாங்கத்திடம் விசாரித்தார்கள். இருவரும் தேறிவிட்டோம். நெடீன்கூட!

பிறகு ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொன்னார். சுடுகிற முடிவு வரும்வரை விரல் விசைக்கு வெளியேதான். காலி என்று சத்தியம் செய்தாலும் குண்டு இருப்பதாகவே நினை. ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி, கட்டிலின் அவரவர் பக்கம். வீட்டுக்குள் சத்தம் கேட்டால் தேடிக்கொண்டு போகாதே. படுக்கையறைக்குள் போ, தாழ்ப்பாள் போடு, பெட்டியைத் திற, ஷெரிப்புக்குப் போன் போடு, கையில் துப்பாக்கி இருப்பதை உரக்கச் சொல்லு.

எழுந்தபோது எங்கள் இரண்டு பேரையும் பிடித்து நிறுத்தினார். “இன்னொண்ணு. நீங்க ரெண்டு பேரும் ஒளிஞ்சு நின்னு பயமுறுத்தற ஜோடின்னு ஊருக்கே தெரியும். அது இன்னையோட முடிஞ்சுது. துப்பாக்கி உள்ள வந்தா அந்த விளையாட்டு வெளிய போயிடணும். ஒண்ணுமண்ணாக் குடும்பம் நடத்தறவங்க சொல்லாம கொள்ளாம வீட்டுக்குள்ள நுழையக் கூடாது.”

“அப்போ எங்க கல்யாணமே முடிஞ்சுதுன்னு சொல்லுங்க” என்று சிரித்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

பெட்டிகளைக் கட்டிலோடு திருகி மாட்டினேன். நான்கு எண் அமுக்கினால் திறக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பீப். பொம்மை மாதிரி இருக்கிறது. பத்துத் தடவை அமுக்கிப் பார்த்தேன். “குழந்தே, போதும், தூங்கு” என்றாள்.

மார்ச் 23, சனி

பயிற்சி. அவள் ஒன்பது. நான் நான்கு. சூரியன் என் கண்ணில் அடித்தது என்றேன். கூடத்துக்குக் கூரை இருக்கிறது என்றாள்.

மார்ச் 29, வெள்ளி

எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. ஆனா எழுதணும்.

படகுக் கம்பெனியில் உடல் பரிசோதனை. ஆறு மணிக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பதினொன்றுக்கே விட்டுவிட்டார்கள். திரும்பும் வழியில் புத்தி வேலை செய்தது. போவதற்குப் பன்னிரண்டே நாள். அவள் இரண்டு கோடு முன்னால். கடைசியாக ஒன்றே ஒன்று.

என் சின்ன லாரியை ஹார்லன் வீட்டில் நிறுத்திவிட்டு ஓடை ஓரமாக நடந்தேன். எங்கள் கொட்டகையிலிருந்து பழைய கரடி முகமூடியை எடுத்துக்கொண்டேன். அவள் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முன்வாசல் வழியாக நுழைந்து சரக்கு அறையில் நின்றேன்.

அவள் உள்ளே வந்தாள். என் காலடியில் அந்த ஒரு பலகை முனகியது.

கூடையைக் கீழே வைக்கும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். காலடி என் பக்கம் வரவில்லை. படுக்கையறைக்குப் போயிற்று. வேகமாக, ஆனால் ஓடாமல். கதவு. தாழ்ப்பாள். அப்புறம் —

பீப். பீப். பீப். பீப்.

நாலு. நான் வெச்சு விளையாடின அதே சத்தம்.

“யாரா இருந்தாலும் வீட்டை விட்டு வெளிய போ. என் கையில துப்பாக்கி இருக்கு. ஷெரிப்புக்குப் போன் போட்டாச்சு. இந்தக் கதவைத் தொட்டா சுடுவேன்.”

அவ குரல் இல்ல அது. இருபத்தாறு வருஷத்துல நான் கேக்காத குரல். ஓபல் அம்மா சொல்லிக் கொடுத்த வார்த்தைங்க, வரிசை மாறாம.

முகமூடியைத் தலைக்கு மேல தூக்கிவிட்டேன். வேற ஒரு நாளா இருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? அந்தக் கதவைப் போய்ப் பிராண்டி உறுமியிருப்பேன். அதானே என் வழக்கம்? நூறு தடவை பண்ணியிருக்கேனே?

“நெடீன்... நான்தான். வர்ஜில்.”

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

“நான்தான்டி கண்ணு.”

“லாரி எங்கே?”

“ஹார்லன் வீட்டுல.”

“வெளிய போய்ப் புல்லுல குப்புறப் படு. கையை நீட்டிக்கோ. ஷெரிப் ஆள் வந்து சொன்னப்புறம்தான் கதவைத் திறப்பேன்.”

ஈரப் புல்லில் இருபத்திரண்டு நிமிடம். கோழிகள் வந்து காதைக் கொத்திப் பார்த்தன. வந்தவன் ஷெரிப்பின் ஆள் கர்ட்டிஸ், எங்கள் சர்ச் பையன்தான். என்னையும் பார்த்தான், தலையில் தூக்கிவிட்டிருந்த முகமூடியையும் பார்த்தான். “என்னண்ணே, கரடி வேட்டை சீசன் இன்னும் ஆரம்பிக்கலையே?” என்று வெடித்துச் சிரித்தான்.

நெடீன் வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் போன பிறகு துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 30, சனி

காபி போட்டாள். ஒரு கோப்பை.

மார்ச் 31, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வரும் வழியில் பேசினாள்.

“கதவுக்கு நேரா நீட்டிக்கிட்டு நின்னேன்யா. விரல் விசைக்கு வெளியதான் இருந்தது. ஆனா நீ ஒரு தட்டு தட்டியிருந்தா? உன்னை நான்... அப்புறம் நான் என்ன ஆவேன்?”

லாரியைச் சாலையோரம் நிறுத்தினேன்.

“ரெண்டுல ஒண்ணுதான் நம்ம வீட்டுல இருக்கலாம். துப்பாக்கியா, இந்த ஒளிஞ்சு பிடிக்கறதா? நீயே சொல்லு.”

“துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துடலாம். நான் படகுக்கும் போகல” என்றேன்.

“போகாம? அஞ்சு மாசமா ஆத்தங்கரையில லாரியை நிறுத்திட்டுப் போற வர்ற படகையெல்லாம் எண்ணிக்கிட்டிருந்தியே, நான் பாக்கலன்னு நெனச்சியா? நீ போகணும். நான் பயமில்லாம இருக்கணும். அதுக்குத்தானே வாங்கினோம்?”

வீட்டுக்கு வந்து சரக்கு அறைக் கதவில் எங்கள் கணக்குக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு போட்டேன். இரண்டு கோடு வித்தியாசத்தில் தோற்றுவிட்டேன். முகமூடியைக் குப்பைப் பீப்பாயில் போட்டேன். அதுவும் என்னைக் கொஞ்சம் வருத்தமாகத்தான் பார்த்தது.

ஏப்ரல் 2, செவ்வாய்

குண்டு வாங்கப் போனேன். ஓபல் அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கர்ட்டிஸ் வாய்க்குப் பூட்டுப் பெட்டி கிடையாது.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “நான் சொல்லிக் கொடுத்ததை அவ அப்படியே செஞ்சா. அதான் நீ உயிரோட நின்னுகிட்டிருக்கே” என்றார். பிறகு, “புதுசா வாங்க வர்ற ஜோடிங்களுக்கு இதைச் சொல்லட்டுமா?”

“பேர் சொல்லாம சொல்லுங்க.”

“கரடின்னு மட்டும் சொல்றேன்.”

ஊரில் யாருக்குத் தெரியாது! சொல்லட்டும். ஒருவன் கேட்டுக்கொண்டால் போதும்.

ஏப்ரல் 6, சனி

வீடு திரும்பும் ஒத்திகை. நெடீன் போட்ட சட்டம்: பெட்ரோல் பங்கிலிருந்து போன். தபால் பெட்டி அருகே மூன்று ஹாரன். அவள் ‘வா’ என்று சொல்லும்வரை வாசல் படியில் கால் வைக்கக் கூடாது. மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். மூன்றாவது தடவை நான் எல்லாம் சரியாகத்தான் செய்தேன். சும்மா அனுப்பியிருக்கிறாள். கண் சிரித்தது! பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

என் பை முழுவதையும் அவளே அடுக்கினாள். கிட்டே போனால் விரட்டினாள். படகில் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. கம்பெனிச் சட்டம். என்னுடையது பெட்டியிலேயே கிடக்கும் என்று சொன்னேன். “அங்க ஒருத்தர்கிட்டயும் கிடையாதா?” என்று இரண்டு தடவை கேட்டாள். என் மேல் கவலை, பாவம்.

ஏப்ரல் 11, வியாழன்

கவலையாம்!

நேற்று படகில் ஏறி, புது ஆட்கள் ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, பையின் ஜிப்பை இழுத்தேன். உள்ளிருந்து கரடி என்னைப் பார்த்தது. நான் போட்ட கத்தலில் மேல்தளத்திலிருந்து கேப்டன் ஓடி வந்தார். முகமூடிக்குள் என் காலுறைகளை அடைத்து, பல்லிடுக்கில் ஒரு சீட்டைச் செருகியிருந்தாள்.

“அங்கே ஒருவரிடமும் துப்பாக்கி கிடையாது என்று நீதானே சொன்னாய்.”

இன்று காலையிலிருந்து எல்லாரும் என்னைக் கரடி என்றுதான் கூப்பிடுகிறார்கள். சமையல்காரர் தேன் பாட்டிலை என் பக்கமே வைக்கிறார். சந்தோஷமாக இருக்கிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

போனில் சொன்னாள். புதன்கிழமை கோழிக் கூண்டுப் பக்கம் ஏதோ சத்தம். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். ஹார்லனின் பசு. “பெட்டியைத் திறக்கவே இல்லய்யா. நல்லாத் தூங்கினேன்” என்றாள்.

நானும் நன்றாகத் தூங்கினேன்.

மே 8, புதன்

பெட்ரோல் பங்கிலிருந்து போன் போட்டேன். “யாரு?” என்றாள். பாவி. தபால் பெட்டி அருகே மூன்று ஹாரன். லாரியை நிறுத்தி இறங்கி, படிக்குப் பத்தடி முன்னால் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

கதவு திறந்தது. நெடீன் வெளியே வந்தாள். அவளும் இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். காலிக் கை, விரல் விரித்து, மணிக்கட்டு வரை மாவு.

“வா” என்றாள்.

இரண்டு பேரும் கையை இறக்காமலே நடந்து வந்தோம்.