நடுவில் ஊற்றாமல் ஓடும் வண்டி

இல்லை, விற்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு வாங்க ஆள் வந்தது உண்மைதான். வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். பெட்டியைத் திறந்தேன். கருகிய விளக்கெண்ணெய் வாசம் எழுந்து வந்தது. மூடிவிட்டேன். வந்தவர் கையில் பாதிக் காப்பியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

அவர் போனதும் மறுபடி திறந்தேன்.

முழங்கை நீளத்துக்கு ஒரு பந்தயக் கார். ரிமோட்டில் ஓடுவதுதான், ஆனால் பேட்டரி வண்டி அல்ல. எலுமிச்சம்பழம் அளவுக்கு உண்மையான எஞ்சின். மெத்தனால், நைட்ரோ, விளக்கெண்ணெய் எல்லாம் கலந்ததைக் குடித்துவிட்டு ஊரைக் கூட்டும். அதன் பக்கத்தில் உன் பாட்டில். பிதுக்கினால் வளைந்த மூக்கு வழியாக டேங்கில் ஊற்றும் பாட்டில். கை வழுக்காமல் இருக்க அதன் கழுத்தில் நீ போட்ட கறுப்பு முடி ரப்பர் அப்படியே இருக்கிறது. அதில் உன் முடி ஒன்று சிக்கியிருக்கிறது. நான் எடுக்கவில்லை.

அந்த வாசம் உனக்குப் பிடிக்காது. லாத்தாவுக்கு இன்னும் பிடிக்காது. உன் அக்காவை நானும் லாத்தா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ஒரு சாயங்காலம் திருப்பாலைக்குடிக் கடற்கரையில் ஓட்டிவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்தோம். லாத்தா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எந்தப் புள்ளைக்குடி பேதிக்குக் குடுத்துட்டு வாரீக ரெண்டு பேரும்?"

"இந்தப் புள்ளைக்குத்தான் லாத்தா." நீ வண்டியை இடுப்பில் தூக்கி வைத்துக் காட்டினாய். "காலைலேருந்து ஒரே பொகையா விடுது."

"எம்.எஸ்ஸி படிச்ச கழுதைகளா. பின்பக்கமா வந்து கையக் கழுவுங்க."

நீ காக்கா என்று கூப்பிடும் உன் அண்ணன் சார்ஜாவிலிருந்து தன் மகனுக்குக் கொண்டுவந்த வண்டி அது. முதல்முறை எஞ்சின் அலறியதும் பிள்ளை கட்டிலுக்கடியில் போய்விட்டான். வண்டி அலமாரிக்கு மேல் ஏறியது. விடுமுறைக்கு வந்திருந்த நாம் இறக்கினோம். இயற்பியல் வகுப்பில் ஒரே பெஞ்சு, விடுதியில் ஒரே அறை. அதற்குப் பிறகு ஒரே வண்டி. வேலை உன்னை ஊரிலும் என்னை ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியிலும் வைத்தது. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் மாறவில்லை.

உனக்கு ஓட்ட வராது. ரிமோட்டின் விசையைத் தொட்டால் கடைசிவரை இழுத்துவிடுவாய். "என் வெரலுக்கு நடுவுல நிக்கத் தெரியாதுடி" என்பாய். அதனால் நான் ஓட்டினேன், நீ ஊற்றினாய்.

ஊற்றுவது சின்ன வேலை அல்ல. பந்தயத்தின் கடைசி ஓட்டம் பத்து நிமிடம். டேங்க் எட்டுக்கு மேல் தாங்காது. ஓட்டுகிறவர் தான் நின்று ஓட்டும் மேடையை விட்டு இறங்கக் கூடாது. எப்படியும் ஒருமுறை வண்டி ஓரமாக வந்து நிற்க வேண்டும், வேறொருவர் குனிந்து ஊற்றியாக வேண்டும். கடற்கரையில் பழகும்போது நீ ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பாய். வண்டி வந்ததும் இடது கைச் சுண்டுவிரலால் மூடியைத் தூக்குவாய். ஒரு பிதுக்கல். மூடி தானே விழும். எஞ்சின் தலையில் எச்சில் விரலால் ஒரு தொடல், இஸ்திரிப் பெட்டியின் சூடு பார்ப்பதுபோல. பிறகு வண்டியின் முதுகில் ஒரு தட்டு.

"ஓடுலே!"

அது ஆண்பிள்ளைதான் என்று நீயே முடிவு செய்திருந்தாய். இவ்வளவு குடித்துவிட்டு இவ்வளவு சத்தம் போடுகிறவன் வேறு யாராக இருப்பான் என்று கேட்டாய்.

நாம் முதலில் போன பந்தயம். ராமநாதபுரத்துக்கு மேற்கே, சீமைக்கருவேலம் வெட்டிய பொட்டல். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், செல்போன் கடைக்காரர்கள், ஆளுக்கொரு வண்டி. முதல் நாள் சாயங்காலம் நாம் கடற்கரையில் வண்டியைத் தயார் செய்திருந்தோம். கார்பரேட்டரில் ஓர் ஊசி இருக்கிறது. அதை உள்ளே திருகத் திருக எரிபொருள் குறைவாகப் போகும், டேங்க் கூடுதல் நேரம் தாங்கும். குரல் கணீரென்று வரும்வரை திருகினோம். எட்டு நிமிடத்தைத் தாண்டி ஓடியது. நீ மீன் பெட்டிமேல் ஏறி ஆடினாய்.

அப்போது கொண்டல் வீசிக்கொண்டிருந்தது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று. காற்றில் ஈரம் கூடினால் எஞ்சினுக்கு மூச்சு குறையும், குறைந்த தீனியே போதும். மறுநாள் காலை பொட்டலில் கச்சான். நிலத்தின் மேலிருந்து வரும் வறண்ட காற்று. மூச்சு கூடியது, தீனி போதவில்லை. மூன்றாவது வளைவில் எஞ்சின் கொதித்து நின்றது. இரண்டு பேரும் இயற்பியல். ஒருத்திக்கும் தோன்றவில்லை.

மேடையில் பக்கத்தில் நின்றவர் சிரித்தார். "ஏத்தா, ஒங்க வண்டி கடத்தண்ணியக் கண்டாத்தான் ஓடுமா?"

நீ கீழே இருந்து கத்தினாய். "ஒங்க ஊருக் காத்துல உப்புப் பத்தலண்ணே! வாய்க்கு ருசியா இல்லையாம்!"

திரும்பும் வழியில் பஸ்ஸில் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். தேவிபட்டினம் தாண்டியபோது சொன்னாய்: "ஊசியத் திருகி மிச்சம் புடிக்கிறதெல்லாம் மிச்சமில்லடி. வெரல எடு. வளைவுக்கு முன்னாடியே எடுத்துரு. அது தானாப் போகும், கொஞ்சம் விடேன்."

ஓட்டத் தெரியாதவள் சொன்னது. அதற்குப் பிறகு நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்றாய். "ஞாயித்துக்கெழம வாரேன். டேங்க நெறச்சு வையி." அது குரல் செய்தி. இன்னும் இருக்கிறது. ஞாயிறுக்கு முன்பே மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுவந்தார்கள். ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியபோது நான் பெண்களோடு முற்றத்தில் நின்றேன். அத்தர் வாசம். என் கையில் விளக்கெண்ணெய் வாசம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். இல்லை. அந்த வாரம் நான் வண்டியைத் தொட்டிருக்கவில்லை.

உன்னை அடக்கிய கபர்ஸ்தான் இருக்கும் பக்கம் தெரியும். வண்டி ஓட்டப் போகும் வழிதான்.

அடுத்த ஞாயிறு அதே பொட்டலில் பந்தயம். பெயர் கொடுத்துவிட்டேன். ஊற்ற யார் வருகிறார்கள் என்று கேட்டார்கள். யாரும் வரவில்லை, நடுவில் ஊற்றாமல் ஓட்டுவேன் என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாங்கள் யாராவது ஊற்றுகிறோமே என்றார்கள். அது சிரிப்பைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த பாட்டிலை வேறொரு கை பிடிப்பதை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டு என்னால் ஓட்ட முடியாது.

அதனால் இந்த இரண்டு மாதமாக ஒரே வேலை. கல்லூரி விட்டு வந்தால் இதுதான். கார்பரேட்டரின் தொண்டையில் இன்னும் சின்ன வளையம் ஒன்றைப் போட்டேன். மூச்சும் தீனியும் சேர்ந்தே குறையும், சூடு ஏறாது. சும்மா நிற்கும்போது உறுமுவதைத் தணித்தேன். எரிபொருள் குழாயை ஒரு சுற்று நீளமாக்கினேன். குழாய்க்குள்ளும் கொஞ்சம் நிற்குமே. ஊசியைக் கடைசியாகத் தொட்டேன், அதுவும் காற்றைப் பார்த்து. மற்றதெல்லாம் விரல். நேரான பாதையின் பாதியிலேயே விரலை எடுத்துவிட்டு, உருள விட்டு, வளைவு முடிந்த பிறகு மெல்லத் தொடுவது. வண்டி சாதுவாகிவிட்டது. நீ பார்த்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பாய்.

சனிக்கிழமைகளில் திருப்பாலைக்குடிக்கு வந்து ஓட்டுகிறேன். உன் தெரு வழியாக வருவதில்லை. ஸ்கூட்டரை உப்பளப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, அப்படியே திரும்பிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். இப்படி ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டு.

போன வாரம் லாத்தா போன் செய்தார்.

"வந்துட்டு வராமப் போறியே புள்ள."

"நேரமாயிருச்சு லாத்தா."

"வண்டிச் சத்தம் இங்கன வரைக்கும் கேக்குது. அடுப்படியில நின்னேன். ரெண்டு பேரும் ஓட்டுறீகன்னு நெனச்சுட்டேன். கறியக் கூடப் போடுவோமான்னு கை போயிருச்சு."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"பந்தயமாமே. நான் வந்து ஊத்தவா? குனிஞ்சு ஊத்துறதுதானே? கொழம்பு ஊத்தாத கையா?"

"வேண்டாம் லாத்தா. நடுவுல ஊத்தாமலே ஓடுற மாதிரி பண்ணிட்டேன்."

"அப்படியா." கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "நல்லதுதான்."

அந்த 'நல்லதுதான்' வாரம் முழுக்க என்னோடு வந்தது.

நேற்று சனிக்கிழமை. கடற்கரையில் ஆளில்லை. உன் மீன் பெட்டி அதே இடத்தில் கிடக்கிறது, ஒரு மூலை உடைந்து. டேங்கை நிரப்பினேன், விட்டேன். மணலில் போட்ட பாதையில் வண்டி சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் மீன் பெட்டியைத் தாண்டிப் போனது. எட்டு நிமிடம் ஆனபோது என் விரல் தானாகவே ஓரத்துக்கு ஒடித்தது. பழக்கம். பெட்டியின் முன்னால் வண்டி தயங்கியது. குனிய யாருமில்லை. மறுபடி பாதைக்குத் திருப்பினேன்.

ஒன்பது. குரல் மாறவில்லை. டேங்க் வறளும்போது குரல் மெலிந்து ஏறும், உனக்குத்தான் அது முதலில் கேட்கும். ஏறவில்லை. பத்து. பத்தையும் தாண்டி ஓடியது.

நான் விரும்பியது நடந்துவிட்டது. நிற்கத் தேவையில்லாத ஒரு வண்டி. மீன் பெட்டியைத் தாண்டி, தாண்டி. அதை நான்தான் அப்படிச் செய்திருந்தேன். இரண்டு மாதமாக, கவனமாக. கடைசியில் குரல் மெலிந்து, ஏறி, அணைந்தது. பிறகு அலை மட்டும். "பாத்தியா" என்று சொல்லத் திரும்பினேன். திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

மீன் பெட்டியில் உட்கார்ந்தேன். உன் இடத்திலிருந்து நான் நின்று ஓட்டும் இடத்தைப் பார்த்தேன். நான் ஓட்டும்போது நீ பார்த்தது இதைத்தான். தூரத்தில் ஒருத்தி, தலையைக் குனிந்துகொண்டு, விரலை மட்டும் அசைத்துக்கொண்டு. எப்போது வருவாள் என்று உட்கார்ந்திருந்திருக்கிறாய்.

லாத்தா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பார். எஞ்சின் நின்றதும் கேட்டிருக்கும்.

எஞ்சின் ஆறியதும் வளையத்தைக் கழற்றி, பழைய பெரிய வளையத்தைப் போட்டேன். நீளக் குழாயை வெட்டினேன். ஸ்கூட்டரை உன் தெருவுக்குள் விட்டேன். லாத்தா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், கையிலிருந்த வண்டியைப் பார்த்தார். மூக்கைப் பொத்தவில்லை.

"எந்தப் புள்ளைக்குடி…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. வழி விட்டார்.

முற்றத்தில் வண்டியை வைத்தேன். காலி பாட்டிலை அவர் கையில் கொடுத்து, சுண்டுவிரலால் மூடியைத் தூக்குவது எப்படி என்று காட்டினேன். அவருக்குச் சுண்டுவிரல் ஒத்துழைக்கவில்லை. கட்டைவிரலால் தூக்கினார். முடி ரப்பரைப் பார்த்தார், விரலை அதற்குக் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடச் சொன்னேன். பிறகு எஞ்சின் ஊசியைக் கால் சுற்று வெளியே திருகி வைத்தேன். இனி எட்டு நிமிடம் தாங்காது.