கண்கட்டு அவிழ்வதற்குள் பெயிண்ட் அடித்த அலமாரி

அன்புள்ள மகளுக்கு,

கண் ஆபரேஷனுக்காக நான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த இரண்டு நாளில், நீயும் உன் அண்ணனும் போனில் கூடிப் பேசி, உனக்காக நான் மூன்று மாதம் தேடிப் பிடித்த பழைய அலமாரிக்கு உச்சி முதல் கால் வரை, கண்ணாடியைக்கூட விடாமல், வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டீர்கள். அது முதல் தப்பு. எதற்காக அடித்தீர்கள் என்பதை என்னிடம் மறைத்தது இரண்டாவது தப்பு, அதுதான் பெரியது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், கோபம் இருந்தாலும் இதைக் கேட்காமல் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ பத்து தடவை 'சரிப்பா சரிப்பா' என்கிறாய். கடிதத்தில் அது நடக்காது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். புது வீட்டுக்குப் போனதும் நீதான் கேட்டாய், 'ஒட்டுப்பலகை பீரோ வேண்டாம்பா, நாலு தலைமுறை பார்த்த மாதிரி ஒண்ணு நீங்களே பார்த்து அனுப்புங்க' என்று. அலுவலகப் பதிவறையில் முப்பத்தொரு வருடம் அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான். எது காகிதத்தைக் காப்பாற்றும், எது மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு கதவைத் திறக்கவிடாமல் அழிச்சாட்டியம் பண்ணும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, திறந்து திறந்து மூடித்தான் தெரிந்துகொண்டேன். அதனால் ஒப்புக்கொண்டு பதினொரு பழைய சாமான் கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் நிலைக்கண்ணாடி வைத்த அலமாரி, பார்க்க ராஜா மாதிரி இருந்தது, இரண்டு கதவையும் திறந்தால் என் மேலேயே சாய வந்தது. இன்னொன்றில் ஒன்பது இழுப்பறை, ஆனால் அடியில் தட்டினால் மாவு மாதிரி புதுத் தூள் கொட்டியது, பூச்சி இன்னும் குடியிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவதில் மரத்துக்குத்தான் வயசு ஏற்றியிருந்தார்கள், ஆணி முந்தாநாள் அடித்தது. உன் அண்ணன் ஒரு நாள் என்னோடு வந்தான். ஒவ்வொரு இழுப்பறையாக வெளியே எடுத்து நான் முகர்ந்து பார்ப்பதைக் கண்டு, 'டாக்டர்கூட இவ்வளவு சோதிக்க மாட்டாருப்பா, விட்டா எக்ஸ்ரே எடுப்பீங்க போல' என்றான். மறுநாளிலிருந்து அவனை நான் கூப்பிடவில்லை.

கடைசிக் கடையில் இது கிடைத்தது. ஆறரை அடி உயரம். கீழே நான்கு இழுப்பறை, மேலே கண்ணாடிக் கதவு போட்ட மூன்று தட்டு. மேல் பாகம் கீழ்ப் பாகத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், தனித்தனியாகத் தூக்கலாம், உங்கள் மாடிப்படித் திருப்பத்துக்கு இதுதான் ஏற்றது என்று நினைத்தேன். இழுப்பறைகளின் மூலைகளை விரலால் தடவினேன். பல் பல்லாக வெட்டிக் கோத்த மூலை, ஒரு பல் பெரிசு, ஒரு பல் சிறிசு, கையால் வெட்டினால்தான் அப்படி வரும். அடிவிளிம்பு பல வருடம் இழுத்து இழுத்துத் தேய்ந்து வழவழவென்றிருந்தது. மேல் கதவுக்கு மட்டும் சாவி காணோம். கடைக்காரர் மேஜையைக் கவிழ்க்காத குறையாகத் தேடிவிட்டு, 'அலமாரியோட சேர்த்து அனுப்பிடறேன் பெரியவரே, மேலயும் இதே மரம்தான், ஒரே தச்சன் கை' என்றார். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அப்போது என் இரண்டு கண்ணிலும் பனி மூடின மாதிரிதான் தெரியும், உனக்கே தெரியும். உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, 'சாவி கிடைக்கட்டும், அப்புறம் முடிவு பண்ணலாமே, கண்ணும் உங்களுக்குச் சரியில்ல' என்றாள். மரத்துக்குக் கண் எதுக்கு, விரல் போதும் என்றேன். அதைக் கடைக்காரர் காதில் விழும்படி சொன்னேன்.

நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பிறகுதான் அலமாரி வீட்டுக்கு வந்தது. கட்டு அவிழ்த்து வந்த அன்று கூடத்தில் நின்றதைப் பார்த்ததும் யார் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி இங்கே எதற்கு என்று கேட்டேன். உன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, 'சின்னவதான்பா வெள்ளை கேட்டா, அவ வீட்டுச் சுவருக்குப் பொருந்தணுமாம்' என்றான். உனக்குப் போன் போட்டேன், நீயும் மூச்சு விடாமல் 'ஆமாம்பா, நான்தான் கேட்டேன்' என்றாய். உன் அம்மா அடுப்படியில் ஏதோ அவசர வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டாள். நான் கத்தினேன், மறுக்கவில்லை. அவள் உள்ளிருந்தே, 'ஒரு கண்ணு திறந்ததுக்கே இந்தக் கத்தல், ரெண்டாவதும் திறந்தா வீடு தாங்காது' என்றாள். அதன்பின் நான்கு நாள் உன் அண்ணனோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் பெயிண்டர் மறந்துபோன தூரிகையை எடுக்க வந்தார். அவரை நிற்க வைத்து, பழைய மரத்தில் பெயிண்ட் அடிக்கக் கை எப்படி ஐயா வந்தது என்று கேட்டேன். மனிதர் மிரண்டுவிட்டார். 'என்னை ஏங்க முறைக்கிறீங்க, மேல ஒரு மரம் கீழ ஒரு மரம், ரெண்டு அலமாரியைப் பிச்சு ஒண்ணா உக்கார வச்சிருக்கான். சாவி போட்டுத் திறந்து பார்த்ததும் உங்க பையன் சாருக்கு மூஞ்சியே விழுந்துடுச்சு. கட்டு அவுத்துட்டு வந்து அப்பா முதல்ல பார்க்கிறது இதுவா இருக்க வேண்டாம், ஒரே கலராக்கிடுங்கன்னாரு' என்றார். அவருக்கு ஒரு டீ கொடுக்கச் சொன்னேன்.

அவர் போனதும் சாவியைப் போட்டு நானே திறந்தேன். குனியக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு, ஆகவே இழுப்பறைப் பக்கம் போக முடியாது, மேல் பாகத்தை மட்டும்தான் பார்க்க முடியும். உள்பக்கம் பெயிண்ட் அடிக்க உங்களுக்கு நேரம் போதவில்லை. முதுகுப் பலகை நேற்றைய ஒட்டுப்பலகை. தட்டுகளில் சாப்பாட்டுத் தட்டு சாய்த்து நிறுத்தக் நீளப் பள்ளம் தோண்டியிருந்தது, யாரோ ஒருவருடைய சமையலறையில் தொங்கிய பெட்டி. கீழ்ப் பாகத்தை உன் அம்மாவைக் குனியச் சொல்லிப் பார்த்தேன், அது நான் சொன்னபடி பழசுதான், அசல்தான். ஆக, பாதி சரியாக எடுத்திருக்கிறேன், பாதியில் ஏமாந்திருக்கிறேன். எழுதிவிட்டேன், இனி யாரும் நினைவுபடுத்த வேண்டாம். ஆனால் ஏமாந்தவனுக்கு ஏமாந்தது தெரிந்தாக வேண்டும். பதிவறையில் கிழிந்த தாளை ஒட்டி வைக்கலாம், கிழியவேயில்லை என்று குறிப்பு எழுதக் கூடாது. அப்படி எழுதிய ஒருவரோடு நான் ஆறு வருடம் பேசவில்லை. உன் அண்ணனிடம் நான்கு நாளோடு நிறுத்திக்கொண்டேன் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

நீ இனி எதை வாங்கினாலும் பூட்டிய கதவோடு வாங்காதே. முதுகுப் பக்கத்தைச் சுவரிலிருந்து நகர்த்திக் காட்டச் சொல், முகத்தை யாரும் அழகாக்கிவிடலாம். மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா என்று எழுது. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் மறைக்காமல் நன்றாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை. பெயிண்டர் புதன்கிழமை வந்து கீழ்ப் பாகத்தின் வெள்ளையை உப்புத்தாளால் கையாலேயே தேய்த்து எடுக்க வேண்டும், மேல் பாகம் வெள்ளையாகவே இருக்கட்டும், அதற்கு அது பொருத்தம்தான். உன் அண்ணன் இரண்டையும் பிரித்து, கீழ்ப் பாகத்தைப் போர்வையில் சுற்றி, இழுப்பறைகளுக்கு எண் போட்டு உனக்கு லாரியில் ஏற்ற வேண்டும். மேல் பாகத்தை நம் சமையலறையில் எங்கே மாட்டுவது என்று உன் அம்மா சொல்ல வேண்டும், சொல்லியாகிவிட்டது. கடைக்காரர் சாவி எங்கே இருந்தது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்கு நான் வெள்ளிக்கிழமை போகிறேன். நீ கீழ்ப் பாகத்தை வெயில் படாத சுவரோரம் வைத்து, நான்கு இழுப்பறையையும் எடுத்து மூலைகளைப் பார்த்து, பிழை இருந்தால் பிழை என்றே எனக்கு எழுத வேண்டும். நான் அடுத்த மாதம் பத்தாம் தேதி இரண்டாவது கண்ணுக்குப் போக வேண்டும். அதன்பின் எந்தக் கடைக்குப் போனாலும் உன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை அவனிடம் சொல்ல வேண்டியது நீ.

ஒரு கண் தெளிந்த நிலையில்,
உன் அப்பா