மாதா படத்தருகே நீ வைத்த மணல்

என் அருமை அண்ணனுக்கு,

நீ போய் இருபது நாள் ஆகிறது. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்து போகின்றன. நானும் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்புகிறேன். உனக்குத்தான் இதை எழுதக் கை வரவில்லை.

மண்ணிலிருந்து வரும் காமாக் கதிர்களை அளந்து, அதில் என்னென்ன தனிமங்கள் உண்டென்று சொல்லும் நிறமாலைமானிக்காகப் பதினோரு வருடம் உழைத்தாய். செவ்வாய்க்குப் போகும் கலத்தில் அதைச் சேர்க்கலாமா என்று சோதிக்க வெளிநாட்டுக்கு அனுப்பியாயிற்று. இங்கே அளந்த அதே உடன்குடித் தேரிச் செம்மணலை அங்கேயும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துப்போனால்தான் கருவி தேறும். அந்த மணலை அடைத்து முத்திரையிட்ட டின்னைப் பார்சலில் அனுப்ப மனமில்லாமல், நீயே கொண்டுபோவதற்காகக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாய். பிள்ளைகள் தொடாத இடமென்று மாதா படத்தருகே வைத்தாய். மறுநாள் காலை உன் நெஞ்சு நின்றுவிட்டது.

அது என்ன மணல் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

கல்லறைக்குப் புறப்படும்போது அம்மைதான் எடுத்துக் கொடுத்தாள். "ஏலே, மாதா பக்கத்துல வச்சிருக்கான்னா இது கோயில் மண்ணுதான். பெட்டி மேல போடு." கோயில் மண்ணைக் குழியில் இடுவது நம் வீட்டு வழக்கம். எந்தச் செய்தியையும் மூன்று பேரிடம் விசாரித்து எழுதுகிறவன் நான். அன்று யாரையும் கேட்கவில்லை. முத்திரையை உடைத்து முதல் கைப்பிடியைப் போட்டேன். மீதியை உறவினர்கள் போட்டார்கள்.

எட்டாம் நாள் உன்னோடு வேலைபார்த்த ராகவன் டிரங்க் காலில் வந்தார். "டின் பத்திரமா இருக்கா சார்? அது இல்லாட்டி கருவியை ஒதுக்கிடுவாங்க." அது என்ன மணலென்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. பத்திரம் என்று சொல்லிவிட்டேன்.

குழிவெட்டும் தொம்மையிடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன். "மழையும் பெஞ்சிட்டு அண்ணாச்சி. மண்ணுக்குள்ள போட்ட மண்ணப் பிரிக்கணும்னா அந்த மிஷினே வந்தாத்தான் உண்டு."

பிறகு உடன்குடிக்குப் போய் அதே டின்னில் வேறு மணல் நிரப்பினேன். அதே சிவப்பு. "அனுப்பிரு. யாருக்குலே தெரியப்போவுது? எம்புள்ள பாடுபட்டதாவது மேல போவட்டும்" என்று அம்மை அழுதாள். மெழுகு உருக்கி மூடியை ஒட்டியும்விட்டேன்.

இந்த மணலின் அளவு வேறாயிருந்து, சரியான கருவியைத் தப்பாகத் திருத்திவிட்டால்? உண்மையைச் சொன்னால் உன் பதினோரு வருடமும் என் கையாலேயே போகும். இரண்டில் எது உனக்குச் சிறிய துரோகம்? யாரிடம் கேட்பேன்?

நாளை தபால் ஆபீஸ் திறந்ததும் ராகவனுக்குத் தந்தி கொடுப்பேன்: மணல் இல்லை, கொட்டியவன் நான். பின்வாங்கிவிடக் கூடாதென்றே இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். உன் கருவி தரையிலேயே நின்றுவிடலாம், அண்ணே. ஆனால் உன் பெயரில் ஒரு பொய்யான அளவு இந்தப் பூமியைவிட்டுப் போகாது.

உன் கூடப்பிறந்த தம்பி,
அந்தோணி